பதினான்கு மில்லிமீட்டர் தண்ணீர்

மங்கையர்க்கரசி கேதகி ஆற்றை முதன்முதலில் தாண்டியபோது அதில் தண்ணீர் இல்லை. ஒரே எட்டில் தாண்டினாள். தலையில் சிமெண்டுச் சட்டி. இடது கால் ஒரு மலையின் முகட்டில் இருந்தது, வலது கால் எதிர்க்கரை மலையில். நடுவில் பள்ளத்தாக்கு, யாரோ தூங்கி எழுந்துபோன படுக்கைபோல மடிப்பு மடிப்பாகக் கிடந்தது.

“ஏட்டி, பாத்து” என்றார் மேஸ்திரி மாடசாமி. “அந்த மலை இன்னும் காயல. நீ மிதிச்சு அமுக்கிட்டேன்னா கவர்மெண்டு மறுபடி சர்வே எடுக்கணும்.”

அது 1995. புனேயில் சாங்வியை ஒட்டி, மூடிப்போன ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் கொட்டகை. ஒரு தனியார் நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்து அணைகளின் மாதிரிகளைக் கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தது. மலைநாட்டில் ஓர் அணை எழும்புவதற்கு முன்னால் அது இந்தக் கொட்டகையில் சிறியதாக எழும்பும். நூறு மீட்டர் இங்கே ஒரு மீட்டர். ஒரு மீட்டர் உயரம் இங்கே ஒரு சென்டிமீட்டர். ஆறு கிலோமீட்டர் பள்ளத்தாக்கு அறுபது மீட்டர் நீளத்துக்குத் தரையில் படுத்திருக்கும். அதில் வெள்ளம் விட்டு, மதகு தாங்குகிறதா, கரை அரிக்கிறதா என்று பார்ப்பார்கள். இடம் சுருங்கும்போது காலமும் சுருங்கும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். மலையில் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடுகிற வெள்ளம் கொட்டகையில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்து வடிந்துவிடும். மங்கை காலையில் வேலைக்கு வந்து, மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் ஒரு நாள் கழிந்திருக்கும். சில வாரங்களில் அவள் மற்றவர்களைவிட அதிக நாட்கள் வாழ்ந்துவிட்டதாக அவளுக்கே தோன்றும்.

அவள் அதே புனேயின் கட்கியில் பிறந்தவள். அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவர். கணவன் கோவிந்தராஜனும் அதே தொழிற்சாலைதான். ஒன்பதாவது வரை மராத்திப் பள்ளியில் படித்தாள். வருகைப் பதிவேட்டில் ‘மங்கையர்க்கரசி’ என்று எழுத குமாஸ்தாவுக்குக் கை வரவில்லை. ‘மங்கல்’ என்று எழுதிவிட்டார். அந்தக் கொட்டகையில் அவள் மங்கல்தான். மண் சலித்தாள், சிமெண்டு சுமந்தாள். பிறகு அவள் கை நடுங்காத கை என்று கண்டுகொண்டு ஊசி பார்க்கிற வேலையைக் கொடுத்தார்கள்.

ஊசி என்பது அளவு குறித்த ஒரு பித்தளைக் கம்பி. நுனி கூர்மையாக இருக்கும். ஆற்றின் குறுக்கே ஒரு சட்டத்தில் தொங்கும். திருகைத் திருப்பினால் மயிரிழை மயிரிழையாக இறங்கும். தண்ணீருக்குள் இன்னொரு ஊசி தலைகீழாக ஏறி வரும். அது நிழல். இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடுகிற கணத்தில் நிறுத்தி, கம்பியில் எண்ணைப் படிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினால் மலைநாட்டில் பத்து சென்டிமீட்டர். மங்கை மூச்சை அடக்கிக்கொண்டு குனிவாள். கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியாக விழுந்த வெயில் காசுகள் தண்ணீர்மேல் மிதக்கும். ஊசியும் ஊசியும் நெருங்கும். தொடும். அந்தக் கணத்தில் எது மேல் எது கீழ் என்பது அவளுக்கு மறந்துபோகும்.

கேதகி அணை பல்நோக்கு அணை. மின்சாரம் ஒரு நோக்கம். சமவெளியில் கரும்புக்கு நீர் ஒன்று. வளர்ந்துவரும் நகரத்தின் குழாய்களுக்குக் குடிநீர் இன்னொன்று. வெள்ளத் தடுப்பு நான்காவது. அச்சிட்ட கையேட்டில் இவை வண்ணப் படங்களோடு இருந்தன. மூழ்கப்போகும் மூன்று ஊர்கள் கடைசிப் பக்கத்தில், படமில்லாமல், ஒரு வரியில் இருந்தன. தேசத்தின் நன்மைக்காக என்று அந்த வரி முடிந்தது. அந்த மூன்று ஊரும் தேசத்துக்குள் சேர்த்தியா இல்லையா என்பதைக் கையேடு சொல்லவில்லை.

மாதிரியைக் கட்டி முடிக்கும் தறுவாயில், ஆற்று மணலும் மரங்களின் அடர்த்தியும் எப்படி என்று நேரில் பார்த்து வர ஒரு ஜீப் போயிற்று. பொறியாளர் பட்டாபிராமன் மணல் அள்ள மங்கையைக் கூட்டிப் போனார். சென்னையிலிருந்து வந்தவர். நிதானமானவர். கோபத்தில்கூடக் குரல் உயர்த்தாதவர்.

மலைப்பாதை முடிகிற இடத்தில் ஜீப் நின்றது. மங்கை இறங்கினாள். எதிரே பள்ளத்தாக்கு. அவள் அப்படியே நின்றுவிட்டாள். எல்லாம் தெரிந்த இடம். இடப்பக்க மலையின் தோளில் ஒரு சரிவு இருக்கும் என்று நினைத்தாள். இருந்தது. மூன்று மாதமாக முழங்காலிட்டுத் தேய்த்து வழவழப்பாக்கிய மலைகள், இப்போது புல்லும் கல்லும் மேகமுமாக அவளைவிட நூறு மடங்கு உயர்ந்து நின்றன. தான்தான் சுருங்கிவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அண்ணாந்து பார்த்தால் ஒரு பெரிய கூரையும், அதற்கடியில் குனிந்து ஊசியைத் திருகுகிற ஒரு பெண்ணும் தெரியும்போல இருந்தது.

பள்ளத்தாக்கின் மேல்முனையில், ஆறு இடுங்கிய பாறை வாயிலுக்குள் நுழையும் இடத்தருகே, தட்டுப்போல ஒரு சமதளம். அதில் கரஞ்சவாடி. நாற்பத்து மூன்று வீடுகள். முதல் வீட்டின் பின்புறம் ஒரு பெண் புதுச் சுவருக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தாள். ருக்மிணி என்று பெயர். கணவன் பம்பாயில் மூட்டை தூக்குகிறவன்.

“அந்த வளைவுக்குப் பின்னால் ஓடை ஒன்று சேரும், இல்லையா?” என்று மங்கை மராத்தியில் கேட்டாள்.

“ஆமாம். நீ இதற்கு முன்னால் வந்திருக்கிறாயா, தாயீ?”

“இல்லை. நான்தான் அதைக் கட்டினேன்.”

ருக்மிணி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, வெயிலில் வந்தவளுக்கு முதலில் சாப்பாடு போட வேண்டும் என்று முடிவு செய்தாள். பாக்ரி என்கிற கேழ்வரகு ரொட்டியும் பச்சை மிளகாய் இடித்ததும் வந்தன. மங்கை விவரம் சொன்னாள். கொட்டகைக்குள் ஆறு, மலை, ஓடை, எல்லாம். சுற்றிக் கூடிய பெண்கள் சிரித்துச் சிரித்துக் களைத்தார்கள்.

“எங்கள் ஊர் அதில் இருக்கிறதா?” என்று ருக்மிணி கேட்டாள்.

“இடம் இருக்கிறது. வீடு கட்டவில்லை.”

“கட்டு. எங்கள் ஊர் முழுகாத ஊர். கீழே மூன்று ஊருக்கும் காகிதம் வந்தது. எங்களுக்கு வரவில்லை. தண்ணீர் நிற்கப்போகும் கோட்டுக்கு ஒன்றரை மீட்டர் மேலே என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் தைரியமாக அடுப்படி கட்டுகிறேன். இனி என் வாசலில் ஏரி, பார்த்துக்கொள்.”

அந்த ஊரில் உடைந்த கண்ணாடி வளையலைப் பெண்கள் குப்பையில் போடுவதில்லை. வீட்டுக்கு ஆகாது என்று ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு வைப்பார்கள். உடைந்த கண்ணாடியால் எந்த வீட்டுக்கும் நன்மையோ தீமையோ வந்ததில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மூட வழக்கத்தால் ஒரு உபயோகம் ஏற்பட்டது. மங்கைக்கு ஒரு எண்ணம் தோன்றியது. வீட்டுக்கு ஒரு துண்டு கேட்டாள். விளையாட்டாகக் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று பச்சைத் துண்டுகள். ருக்மிணியின் துண்டில் பொன்நிறப் புள்ளிகள் இருந்தன.

மறுநாள் மாடசாமி கரஞ்சவாடித் தட்டுக்கு மேல்பூச்சுப் பூசியதும், ஈரம் காய்வதற்குள் மங்கை சர்வே வரைபடத்தை விரித்துக்கொண்டு, வீடு குறித்த ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வளையல் துண்டைப் பதித்தாள். மாடசாமி பக்கத்தில் குத்துக்காலிட்டுப் பீடி குடித்தார்.

“என்ன தங்கச்சி, ஊருக்கு நகை பூட்டுத?”

“சாப்பாடு போட்டாங்கண்ணே.”

“எனக்குந்தான் ஒரு நாளு நீ சோறு போட்டே. எனக்கு என்ன பூட்டினே?”

பங்குனியில் முதல் வெள்ளம் விட்டார்கள். வால்வுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ராகுகாலம் கழிந்து திறந்தார்கள். ஆற்றுக்கு ராகுகாலம் தெரியாது என்பதை அறிவதற்காகவே கட்டப்பட்ட கொட்டகையில் அது நடந்தது. தண்ணீர் வந்தது. ஓட்டம் தெரிவதற்காக ஊதா நிறச் சாயத்தைச் சொட்டுவிட்டார்கள். அது இழைபிரிந்து, புகைபோல, மலைகளின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. மூன்று ஊர்களின் இடம் முதல் அரைமணியில் போயிற்று. அது எதிர்பார்த்தது.

எதிர்பாராதது மேல்முனையில் நடந்தது. அணையருகே நீர் தன் கோட்டில் அமைதியாக நின்றது. ஆனால் பாறை வாயிலில் இறங்கி வரும் வெள்ளம், எதிரே தேங்கி நின்ற நீரில் முட்டி, போக இடமில்லாமல் முதுகைத் தூக்கியது. மெல்ல மெல்லத் தட்டின்மேல் ஏறிற்று. மங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். பச்சைத் துண்டுகள் ஒவ்வொன்றாக முழுகின. முழுகியபின் இன்னும் பச்சையாகத் தெரிந்தன. அவள் ஊசியை இறக்கினாள். நுனியும் நுனியும் தொட்டன. ஊரின் தரைக்கு மேலே பதினான்கு மில்லிமீட்டர். மலைநாட்டில் அது ஒரு மீட்டர் நாற்பது, ஒரு குழந்தையின் தலைக்கு மேலே போகிற உயரம்.

நோட்டில் எழுதி, பட்டாபிராமனிடம் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“இது தப்பும்மா. தளம் அமுங்கியிருக்கும். புது சிமெண்டு, தண்ணி பட்டதும் உக்காந்திருக்கும்.”

“மாடசாமி அண்ணன் போட்ட தளம் சார்.”

“அவர் போட்டா உக்காராதா? ஊசியோட பூஜ்யத்தை ரெண்டு சென்டிமீட்டர் மாத்து. சரியாப் போயிடும்.”

“அளந்து பாத்துட்டு மாத்தலாமே சார்.”

“நம்மகிட்ட கேட்டது மதகு தாங்குமான்னுதான். கோடு போட்டது வேற ஆபீஸ். அவா கணக்கை நாம எதுக்கு நோண்டணும்?” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “தீபாவளிக்கு மூணு பேரைப் பர்மனண்ட் பண்றா. உன் பேர் எழுதியிருக்கேன்” என்றார்.

தளம் அமுங்கியதா என்று லெவல் கருவியை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்தக் கொட்டகையில் நாட்கள் மணிகளாகக் கழிந்தன. ஆனால் அந்த ஐந்து நிமிடம் யாரிடமும் இல்லை. பட்டாபிராமன் கெட்டவர் இல்லை. கெட்டவர்கள் தேவைப்படாமலே இயங்குகிற அமைப்பு அது. தன் பங்கு இவ்வளவுதான் என்று ஒவ்வொருவரும் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். அந்தக் கோடுகளுக்கு இடையில் ஓர் ஊர் முழுகும்.

மங்கை திருகைத் திருப்பினாள். பூஜ்யம் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தது. இப்போது ஊசியின் கணக்கில் தண்ணீர் கரஞ்சவாடிக்கு ஆறு மில்லிமீட்டர் கீழே இருந்தது. அந்த எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டாள். ‘மங்கல்’ என்று.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. மலைகளின் நடுவே அவள் பிரம்மாண்டமாக நடக்கிறாள். கால் வைக்கும் இடமெல்லாம் பச்சைக் கண்ணாடி. குனிந்தால் ஒரு துண்டுக்குள் ருக்மிணி சுவர் பூசிக்கொண்டிருக்கிறாள். மங்கை கூப்பிடுகிறாள். நூறு மடங்கு பெரிய குரல் காற்றாக மட்டும் போய் ருக்மிணியின் முந்தானையை அசைக்கிறது.

“இன்னாமே, ஒரு வாரமா பேயறைஞ்ச மாதிரி கீற?” என்று கோவிந்தராஜன் கேட்டான். அவள் சொன்னாள்.

அவன் டீயை ஆற்றினான். “நம்ம எழுதலன்னா வேற எவனாவது எழுதப் போறான். நீ இன்னாத்துக்கு ரோசனை பண்ற? பர்மனண்ட் ஆயிட்டா ரெண்டு பேருக்கும் பென்சன்.”

“உங்க பேக்டரில குண்டு ரொப்பும்போது எடை தப்பாப் போட்டா இன்னா ஆவும்?”

“எங்கியோ ஒருத்தன் கையில வெடிக்கும்.”

“எடை போட்டவன் கையில வெடிக்காதில்ல?”

கோவிந்தராஜன் டம்ளரைக் கீழே வைத்தான். டீ முழுக்க ஆறிப்போயிற்று. பிறகு, “பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்று மட்டும் கேட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கரஞ்சவாடிக்குப் போனார்கள். ருக்மிணியின் புது அடுப்படி எழும்பியிருந்தது. உள்சுவரில் விளக்குக்கு ஒரு மாடம், உத்தரத்தில் தொட்டிலுக்கு ஒரு கொக்கி. மங்கை அந்த அடுப்படியில் உட்கார்ந்தே சொன்னாள். பெரிய வெள்ளம் வரும் வருடம் இங்கே தண்ணீர் வரும் என்றாள். பூஜ்யத்தை நகர்த்தியதையும் சொன்னாள்.

ருக்மிணி எழுந்து நின்றாள்.

“அரசாங்கமே என் வீட்டை விட்டுவிட்டது. நீ வந்து முழுக வைக்கிறாயா? என் வளையலை வாங்கிக்கொண்டு போய் என் வீட்டையே முழுக வைத்தாயா?”

“நான் வைக்கவில்லை. தண்ணீர் வந்தது.”

“சிமெண்டில் நீ கட்டிய ஆறு. பொம்மை. என் ஆற்றை எனக்குத் தெரியாதா? என் மாமியார் காலத்திலிருந்து இந்தத் தட்டுக்குத் தண்ணீர் வந்ததில்லை.”

“அப்போது கீழே அணை இல்லை.”

ருக்மிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே ஆறு, முழங்கால் ஆழத்தில், கல்லுக்குக் கல் பேசிக்கொண்டு போயிற்று. கோவிந்தராஜனுக்கு மராத்தி அரைகுறை. அவன் புதுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்து, “பூச்சு நல்லாகீது” என்று தமிழில் சொன்னான். யாருக்கும் புரியவில்லை. ஆனால் ருக்மிணி அழத் தொடங்கினாள்.

அழுது முடித்துவிட்டு, “என் கண்ணால் பார்க்க வேண்டும்” என்றாள்.

இப்படித்தான் மறுவாழ்வு அலுவலகத்துக்கு அந்த விசித்திரமான மனு போயிற்று. முழுகும் ஊர்க்காரர்கள் நிலம் கேட்பார்கள், வேலை கேட்பார்கள். முழுகாத ஊர்க்காரர்கள் நாற்பத்து மூன்று குடும்பமும் கைநாட்டும் கையெழுத்துமாக ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்கள்: எங்கள் ஆற்றில் வெள்ளம் விடும்போது நாங்களும் நீங்களும் சேர்ந்து பார்க்க வேண்டும். புதிதாக வந்திருந்த அதிகாரி இளையவர். வெறும் ஆர்வத்தினால்தான் ஒப்புக்கொண்டார் என்று பிறகு சொன்னார். அந்த நாட்டில் ஒரு உண்மை வெளிவர ஓர் அதிகாரியின் ஆர்வம் தேவைப்பட்டது. அவர் ஆர்வமில்லாதவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் கோபம் அடங்காது.

ஆவணியில் ஒரு காலை, கரஞ்சவாடியிலிருந்து ஒன்பது பேர் கொட்டகைக்கு வந்தார்கள். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, தான் ஐம்பது வருடம் மாடு மேய்த்த மலையின் பக்கத்தில் வந்து நின்றார். அது அவர் இடுப்புக்கு வந்தது. கையை நீட்டி அதன் உச்சியைத் தொட்டார். கன்றுக்குட்டியின் தலையைத் தொடுவதுபோலத் தொட்டார். ருக்மிணி தட்டின் அருகே போய்க் குனிந்தாள். பொன்புள்ளித் துண்டைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு கணமும் ஆகவில்லை.

“வாசல் கிழக்கே பார்த்து இருக்கிறது” என்றாள், துண்டின் வளைவைத் தொட்டு. “சரியாகத்தான் வைத்திருக்கிறாய்.”

வால்வு திறந்தது. இரண்டு மணி நேரம் யாரும் உட்காரவில்லை. ஊதாச் சாயம் மலையடிவாரங்களில் மாலைநேரம்போலப் படர்ந்தது. நகரத்தின் லாரிகள் வெளியே ஹாரன் அடித்தது எங்கோ வேறு உலகத்தில் கேட்டது. கீழ் ஊர்கள் போயின. நீர் பாறை வாயிலில் முட்டி முதுகு தூக்கிற்று. தட்டின் விளிம்பை நக்கியது. பிறகு, ஓசையே இல்லாமல், துண்டுக்கு மேல் துண்டாக மூடிக்கொண்டு போயிற்று. ருக்மிணி தன் கைவளையல்களை மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஊசி என்ன சொல்கிறது?” என்று அதிகாரி கேட்டார்.

மங்கை இறக்கினாள். நுனிகள் தொட்டன. படித்தாள். “ஊருக்கு ஆறு மில்லிமீட்டர் கீழே.”

அதிகாரி ஊசியைப் பார்த்தார். தண்ணீருக்கடியில் பச்சையாக மின்னிய நாற்பத்து மூன்று துண்டுகளைப் பார்த்தார். “கண் வேறு சொல்கிறதே.”

பட்டாபிராமன் தொண்டையைச் செருமினார். “தளம் அமுங்கியிருக்கிறது. வளையலும் அதோடு இறங்கியிருக்கிறது. உண்மையில் ஊர் மேலே இருக்கும்.”

இதுவரை சுவரோரம் நின்ற மாடசாமி முன்னால் வந்தார். மராத்தியும் இந்தியும் தமிழும் கலந்து ஒரே மூச்சில் பேசினார். “முப்பது வருசம் சாப். எத்தனையோ அணை கட்டியிருக்கேன். என் தளம் ஒரு நூல் இறங்கியிருந்தா இந்தக் கரண்டியை இங்கனே போட்டுட்டு ஊருக்குப் போயிருதேன். அளந்து பாருங்க.”

“சாப்” என்றாள் மங்கை. கை நடுங்கவில்லை. “தளம் இறங்கவில்லை. பூஜ்யம்தான் நகர்ந்திருக்கிறது. நகர்த்தியது நான்.”

அவள் பங்குனி வெள்ளத்தன்று எழுதிய நோட்டை நீட்டினாள். பதினான்கு என்ற எண்ணை அடிக்காமல் அதன் கீழேதான் மற்றதை எழுதியிருந்தாள். லெவல் கருவியைக் கொண்டுவந்தார்கள். தண்ணீரை வடித்தார்கள். வரைபடத்தில் குறித்த உயரத்தோடு ஒவ்வொரு வளையல் துண்டையும் ஒப்பிட்டார்கள். ஒரு நூல்கூட இறங்கவில்லை. பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். ஐந்து நிமிட வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

திரும்பிப் போகும்போது ருக்மிணி மங்கையின் அருகே நின்றாள். நன்றி சொல்லவில்லை. “என் அடுப்படி” என்றாள். அவ்வளவுதான்.

தீபாவளிக்கு மூன்று பேர் நிரந்தரமானார்கள். மங்கையின் பெயர் அதில் இல்லை. தைப்பொங்கல் சமயத்தில் தினக்கூலிப் பட்டியலிலும் இல்லை. யாரும் போ என்று சொல்லவில்லை. பெயரைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கேதகி மாதிரியை உடைத்து அடுத்த ஆற்றுக்கு இடம் செய்தார்கள். அன்று சாயங்காலம் மாடசாமி சைக்கிள் கேரியரில் சாக்குச் சுற்றிய ஒரு பலகைக்கல்லைக் கட்டிக்கொண்டு சாங்வியில் மங்கையின் வீட்டுக்கு வந்தார். உளியால் முழுசாகப் பெயர்த்தெடுத்த கரஞ்சவாடித் தட்டு.

“எங்கண்ணே வைக்கிறது இத?”

“குழாயடியில போடு. துணி தொவைக்க ஆவும்.”

முழுகும் ஊர்களின் பட்டியலில் கரஞ்சவாடி சேர்ந்தது. அதற்கே இரண்டு வருடம். 1999-இல் நாற்பத்து மூன்று குடும்பமும் லாரிகளில் ஏறி, மரமில்லாத ஒரு வறண்ட சமவெளிக்குப் போயின. கொடுத்த நிலத்தின் ஓரமாகவே கேதகி கால்வாய் ஓடியது. அதிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குத் தண்ணீர் போயிற்று. ஆற்றைக் கொடுத்தவர்கள் அந்த ஆற்றில் ஒரு குடம் மொள்ள அனுமதிச் சீட்டுக்கு அலைந்தார்கள். ருக்மிணி மீண்டும் மண் குழைத்து மீண்டும் ஓர் அடுப்படி கட்டினாள். முதல் இரண்டு வருடம் மங்கைக்கு அவள் ஒரு வார்த்தை அனுப்பவில்லை. கேட்டால், அங்கே வாழ்வு இருந்தது, இங்கே உயிர் மட்டும் இருக்கிறது என்று சொல்வாள் என மங்கைக்குத் தெரியும். அதனால் அவள் கேட்கவில்லை. சில சமயம், துணி துவைக்கும்போது, பூஜ்யத்தை நகர்த்திய இடத்திலேயே விட்டிருக்கலாமோ என்றுகூட நினைத்தாள். அணை கட்டப்பட்டு ஐந்து மழைக்காலம் கடந்தும் தண்ணீர் அந்தத் தட்டுக்கு வரவில்லை.

புனேயை ஒட்டிய ஹிஞ்சேவாடியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. மங்கை அவற்றில் ஒன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். சிறுவயதுத் தமிழ்ப் பெண்கள் சிலர் அங்கே கணினி முன்னால் இருந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே போனில் பேசுவார்கள். ஓடுகிற தண்ணீர் எந்த ஆறு என்று அவர்களுக்குத் தெரியாது. மங்கை பின்னாலேயே போய் மூடுவாள்.

2005-இல் ஆடி மாதம் மழை நிற்கவில்லை. வானமே இறங்கிவந்து கூரைகளில் உட்கார்ந்துகொண்டதுபோல நாட்கள் சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன. கம்பெனி வண்டிகள் ஓடவில்லை. ஒரு மதியம் கோவிந்தராஜனின் செல்போன் ஒலித்தது. அவன் கேட்டுவிட்டு மங்கையிடம் நீட்டினான்.

“நான் ருக்மிணி.” இரைச்சலுக்கிடையில் குரல் வெகுதூரத்திலிருந்து வந்தது. “என் மைத்துனன் எதிர்மலையிலிருந்து பார்த்துவிட்டு வந்தான். ஊருக்குள் தண்ணீர்.”

மங்கை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். “எந்த அளவு?”

“நேற்று நடுச்சாமத்தில் ஏறியதாம். எல்லாரும் தூங்குகிற நேரம். கூரையை நாங்கள் பிரித்துக்கொண்டு வந்துவிட்டோமே, சுவர் மட்டும்தான் நிற்கிறது. உன் வீட்டுக்காரர் தடவிப் பார்த்த சுவர்.”

“தண்ணீர் எந்த அளவு, ருக்மிணி?”

“விளக்கு மாடம் முழுகிவிட்டதாம். அதற்கு மேலே ஒரு கை அகலம்.”

மங்கை கண்ணை மூடினாள். அந்த அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது மாடம் அவள் தலைக்கு மேலே இருந்தது. எழுந்து நின்றபோது தோளுக்கு நேரே. தோள் உயரம், அதற்கு மேலே ஒரு கை அகலம். ஒரு மீட்டர் நாற்பது.

“பதினாலு” என்றாள்.

“என்ன?”

“ஒன்றுமில்லை. பிள்ளைகள் எல்லாம்?”

“இங்கேதான். கத்திக்கொண்டு கிடக்கின்றன, கேட்கவில்லையா?” என்றாள் ருக்மிணி. பிறகு, “தாயீ, நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டாள். ஒன்பது வருடத்தில் மங்கையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

மறுநாள் பத்திரிகைகளில் மாநிலமெங்கும் வெள்ளச் செய்தி. கேதகி நீர்த்தேக்கத்தின் மேல்பகுதி பற்றி ஒரே வரி: உயிர்ச்சேதம் இல்லை. அணைக்குக் கல்வெட்டு உண்டு. அதில் திறந்து வைத்தவர் பெயர் உண்டு, தேதி உண்டு. இந்த ‘இல்லை’க்குக் கல்வெட்டு கிடையாது.

மதியம் மழை சற்று ஓய்ந்தபோது மங்கை குழாயடிக்குப் போனாள். ஒன்பது வருடத் துவைப்பில் துவைகல் தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது. குழியில் மழைத்தண்ணீர் தேங்கி, அடியில் பச்சைத் துண்டுகள் அசையாமல் கிடந்தன. அவள் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தாள். குனிந்து, மூச்சை அடக்கி, பொன்புள்ளித் துண்டுக்கு நேர்மேலாக மெல்ல இறக்கினாள். கீழிருந்து இன்னொரு ஊசி ஏறி வந்தது. கை நடுங்கவில்லை.